‘அப்படிச் செய்திருந்தால்...’



மவுத்து நுழையாத வீடு உலகில் இல்லை. நீண்ட காலம் படுக்கையில் கிடந்து ஒருவர் வஃபாத்தானால், வீட்டார் துக்கப்படுகிறார்கள்; ஆனாலும் அவர்களுடைய மனம் ஓரளவு தயாராகி இருக்கிறது. நேற்று வரை நடமாடியவர், யாரும் பெயர் அறியாத ஒரு நோயால் திடீரென்று போய்விட்டால் நிலைமை வேறு. அந்த வீட்டில் துக்கத்தோடு இன்னொன்றும் வந்து குடியேறி விடுகிறது. அதுதான் ‘அப்படிச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரே’ என்னும் சொல். இந்தச் சொல்லைப் பற்றியும், மறைந்தவர்களை நினைக்க வேண்டிய முறை பற்றியும் மார்க்கம் சொல்வதை இங்கே சிறிது விளக்க விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் உடன்பிறந்த அக்கா பெருந்துறையில் வஃபாத்தானார்கள். வயது முப்பத்தொன்பது. இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு மகனும் அவர்களுக்கு உண்டு. மச்சானுக்கு ஜவுளி வியாபாரம். திங்கள் இரவு ஈரோடு கனி மார்க்கெட்டுக்குப் போனால் செவ்வாய் மாலைதான் வீடு திரும்புவார். அக்கா வீட்டிலிருந்தபடியே தையல் தைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின் குர்ஆன் ஓதிக் கொடுத்தார்கள்.

இரண்டு ஆண்டுகளாக அவர்களுக்குத் தலைவலி வந்து வந்து போனது. குனிந்து தைக்கும்போது சட்டென்று பிடிக்கும். சற்று நேரம் படுத்தால் விட்டுவிடும். பிறகு மூன்று வாரம், நான்கு வாரம் ஒன்றும் இராது. பித்தம் என்றார்கள் சிலர். கண்பார்வைக் கோளாறு என்று கண்ணாடி மாற்றினார்கள். ஒரு மருத்துவர் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார்; வலியும் அடங்கியது. கண்ணேறு என்று சொல்லி ஓதிப் பார்த்தவர்களும் உண்டு. அடங்குகிற வலியைப் பற்றி யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை பஜ்ரு தொழுதுவிட்டு, தலை பாரமாக இருக்கிறதென்று படுத்தார்கள். இரண்டு முறை வாந்தி எடுத்தார்கள். பிறகு தூங்குவது போலக் கிடந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் எழுப்பிப் பார்த்தால் உணர்வில்லை. வாகனம் ஏற்பாடு செய்து சுமார் எண்பது கிலோமீட்டர் தாண்டிக் கோவைக்குக் கொண்டு போனார்கள். வெளியூர்ப் பள்ளிவாசலில் பணியில் இருந்த நான் தகவல் அறிந்து வந்து சேர்ந்தபோது ஸ்கேன் எடுத்து முடித்திருந்தார்கள். அன்று இரவே அக்காவின் ரூஹு பிரிந்தது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மறைந்திருந்த நோய்

அந்த நோய்க்குக் கொலாய்டு சிஸ்ட் என்று பெயர். மூளையின் நட்டநடுவில் உண்டாகும் சிறு பை அது. உள்ளே பாகு போன்ற பொருள் நிறைந்திருக்கும். புற்றுநோய் அல்ல. மூளைக் கட்டிகள் நூறு என்றால் அவற்றில் ஒன்றோ இரண்டோதான் இவ்வகை. அளவிலும் பெரும்பாலும் ஒரு கொண்டைக்கடலை அளவுதான். ஆனால் அது இருக்கும் இடம் அப்படிப்பட்டது.

நம் மூளைக்குள் தெளிந்த நீர் ஒன்றை அல்லாஹ் ஓடச் செய்திருக்கிறான். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் நீர் ஊறுகிறது. ஒரு நேரத்தில் உள்ளே தங்குவதோ 150 மில்லி லிட்டர் அளவுதான். மற்றது இரத்தத்தில் போய்ச் சேர்ந்து விடுகிறது. இந்த நீர் கடந்து போகும் குறுகிய வாசலில்தான் அந்தப் பை தொங்கிக் கொண்டிருக்கிறது. தலை குனியும்போது சில சமயம் வாசலை அடைக்கும். விலகினால் வழி திறக்கும். அதனால்தான் வலி வந்து வந்து போகிறது. என்றேனும் ஒருநாள் வாசல் முழுவதும் அடைபட்டால் நீர் தேங்கி, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகி விடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மூளைக்குத் தன் வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைகளும் இரத்தக் குழாய்களுமே வலியை உணர்கின்றன. உள்ளே கட்டி வளர்வதை மூளை வெளியே சொல்லாமலே பல காலம் இருந்துவிடும்.

வால்மன் என்ற மருத்துவர் இந்நோயை முதன்முதலில் விவரித்தது 1858இல். அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி இப்படிப்பட்ட கட்டியை வெற்றிகரமாக அகற்றியது 1921இல். அதுவரை, இறந்த பிறகு தலையோட்டைத் திறந்து பார்த்தால்தான் இது தெரிய வந்தது.

வீட்டுக்குள் ஒரு நீதிமன்றம்

ஜனாஸா அடக்கம் செய்து மூன்று நாள் ஆவதற்குள் எங்கள் வீட்டில் விசாரணை தொடங்கி விட்டது. ‘வியாபாரம் வியாபாரம் என்று அலையாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால்...’ என்று அம்மா மச்சானைச் சொன்னார்கள். ‘பொறந்த வீட்டுக்கு வந்தப்பவாவது நீங்க பார்த்திருக்கலாமே’ என்று மச்சானுடைய தாயார் திருப்பிச் சொன்னார்கள். மச்சான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனதற்காகத் தன்னையே தின்று கொண்டிருந்தார். இரு குடும்பத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஆகி விட்டார்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பாரத்தைச் சுமந்து கொண்டிருந்தவள் பதினாலு வயது மூத்த மகள். நாற்பது நாள் வரை அவள் எவரிடமும் பேசவில்லை. பிறகு ஒருநாள் என்னிடம் வந்து,

“மாமா, அன்னைக்கி அம்மா தூங்குறாங்கன்னு நெனச்சு நான்தான் கதவைச் சாத்திட்டு வந்தேன். அப்பவே எழுப்பியிருந்தா அம்மா இருந்திருப்பாங்களா?” என்று கேட்டாள்.

வாசகர்களே, ‘அப்படிச் செய்திருந்தால்’ என்னும் சொல் எங்கே போய்ப் பாய்கிறது பாருங்கள்! பெரியவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக் கொண்டிருக்க, அதைக் கேட்டுக் கொண்டிருந்த ஒரு குழந்தை தன் தாயைத் தானே கொன்றுவிட்டதாக எண்ணிக் குமைந்து கிடக்கிறது.

“கண்ணு, அம்மாவுக்குத் தலை வலிக்குது, தூங்கட்டும்னு நீ கதவைச் சாத்தினது அம்மா மேல வச்ச பாசம். பெரிய டாக்டருக்கே ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிஞ்சது. தெரியாத ஒன்னுக்கு அல்லாஹ் உன்னைக் கேள்வி கேட்க மாட்டான். அவன் கேட்காததை நீயும் கேட்காதே, நாங்களும் கேட்க மாட்டோம்” என்று சொன்னேன். எந்த ஆத்மாவுக்கும் அதன் சக்திக்கு மீறிய பொறுப்பை அல்லாஹ் சுமத்துவதில்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் கடைசி ஆயத்தில் அவனே நமக்கு அளித்துள்ள வாக்கு.

மார்க்கம் தடுத்த ‘லவ்’

அரபியில் ‘லவ்’ என்றால் ‘அப்படி ஆகியிருந்தால்’ என்று பொருள். உஹதுப் போருக்குப் பின் மதீனாவில் சிலர், கொல்லப்பட்டவர்கள் எங்களோடு இருந்திருந்தால் மரணித்திருக்க மாட்டார்கள் என்று பேசினர். அவர்களைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று ஆலஇம்ரான் அத்தியாயம் 156ஆம் ஆயத்தில் அல்லாஹ் முஃமின்களை எச்சரிக்கிறான். அந்தப் பேச்சு பேசியவர்களின் நெஞ்சிலேயே கைசேதமாகத் தங்கி விடும் என்பதையும் அங்கேயே உணர்த்துகிறான். போனவர் திரும்புவதில்லை, இருப்பவரின் நெஞ்சம்தான் வெந்து போகிறது.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். முதலில், உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, தளர்ந்து விடாதே என்று முயற்சியை ஏவினார்கள். அதன் பிறகுதான், துன்பம் நேர்ந்துவிட்டால் ‘இப்படிச் செய்திருந்தால்’ என்று சொல்லாதே, இது அல்லாஹ்வின் ஏற்பாடு என்று சொல், அந்தச் சொல் ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்து விடும் என்று தடுத்தார்கள். ஆக முயற்சிக்கு இடம் சம்பவத்துக்கு முன். கத்ரை ஏற்பதற்கு இடம் சம்பவத்துக்குப் பின். நம்மில் பலர் இதைத் தலைகீழாக்கி விடுகிறோம். நோய் இருக்கும்போது ‘விதிப்படி நடக்கும்’ என்று சும்மா இருக்கிறோம். மவுத்தான பிறகு ‘அதைச் செய்திருக்கலாமே’ என்று துடிக்கிறோம்.

பணமும் பெரிய மருத்துவர்களும் இருந்திருந்தால் தப்பியிருப்பார் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ஷ்வின் என்று ஓர் இசையமைப்பாளர் இருந்தார். செல்வத்துக்கும் புகழுக்கும் குறைவில்லாதவர். 1937இல் அவருக்குத் தலைவலி. இல்லாத கருகல் நாற்றம் மூக்கில் அடிப்பதாகவும் சொன்னார். மருத்துவமனையில் சோதித்துவிட்டு உடலில் கோளாறில்லை, இது மனதின் கோளாறாகவே இருக்கும் என்று அனுப்பி விட்டார்கள். ஜூலை 9ஆம் தேதி நினைவிழந்தார். அப்போது யாரைத் தேடினார்கள் தெரியுமா? மேலே சொன்ன அதே வால்டர் டாண்டியைத்தான்! விடுமுறையில் படகில் சென்றிருந்த அவரைத் தேடிக் கண்டுபிடித்து விமானத்தில் புறப்படவும் வைத்தார்கள். ஆனால் அவர் வந்து சேரும் வரை காத்திருக்க நேரம் இருக்கவில்லை. வேறு மருத்துவர்கள் அறுவை செய்தும் பயனின்றி 11ஆம் தேதி மூளைக் கட்டியால் இறந்தார். வயது முப்பத்தெட்டு.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் ஈரோட்டில் 1887இல் பிறந்த கணிதமேதை ராமானுஜனை எடுத்துக் கொள்ளுங்கள். இங்கிலாந்தில் நோயுற்ற அவருக்குக் காசநோய் என்று எண்ணி வைத்தியம் செய்தார்கள். 1920 ஏப்ரல் 26இல் முப்பத்திரண்டு வயதில் சென்னையில் காலமானார். எழுபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1994இல், பழைய குறிப்புகளை ஆராய்ந்த ஒரு மருத்துவர், அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாகவே இருந்திருக்க வேண்டும், அதற்கு அன்றைக்கே மருந்தும் இருந்தது என்று எழுதினார். அவருடைய துணைவியார் ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் தொழில் செய்து பிழைத்து, அதே 1994இல்தான் மறைந்தார். எழுபத்துநான்கு ஆண்டுகளையும் ‘அப்படிச் செய்திருந்தால்’ என்று எண்ணியே கழிப்பதென்றால் எந்த மனிதரால் தாங்க முடியும்?

ஆகுமான ‘லவ்’

அப்படியானால் நடந்ததைப் பற்றிச் சிந்திக்கவே கூடாதா என்று கேட்கலாம். அப்படியல்ல. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில், ‘லவ்’ என்பதில் எது ஆகும் என்று தனியே ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். ஹஜ்ஜத்துல் விதாவின்போது நபி (ஸல்) அவர்களே, பிறகு தெரிந்தது முன்பே தெரிந்திருந்தால் குர்பானிப் பிராணியைக் கூடக் கொண்டு வந்திருக்க மாட்டேன் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்கள். தோழர்களுக்கு ஒரு சட்டத்தை விளக்கி, அவர்கள் மனம் நிம்மதி அடைவதற்காகச் சொன்ன சொல் அது. கத்ரோடு சண்டை பிடிக்கும் ‘லவ்’ தடுக்கப்பட்டது. உயிரோடு இருப்பவருக்கு வழிகாட்டும் ‘லவ்’ ஆகுமானது. பேசுபவர் ஒருவரைக் குற்றவாளி ஆக்கவா, ஒருவரைக் காப்பாற்றவா எதற்காகப் பேசுகிறார் என்பதைக் கொண்டு இரண்டையும் பிரித்து அறியலாம்.

எனவே காப்பாற்றுவதற்காகச் சில வார்த்தைகள். தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவை கட்டியால் வருபவை அல்ல. பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் முன்பு இல்லாத புதுத் தலைவலி நாளுக்கு நாள் மிகுந்தால், காலையில் எழும்போதே வாந்தியுடன் வந்தால், குனிந்தாலும் இருமினாலும் கூடினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், வலிப்பு வந்தால், கை கால் ஒரு பக்கம் தளர்ந்தால், சாந்தமானவர் காரணமின்றிக் குணம் மாறினால், மருந்துக்கடை மாத்திரையோடு நிற்காதீர்கள். ‘ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். தூங்குபவரை எழுப்பியும் எழவில்லை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

முதுமை தவிர எந்த நோய்க்கும் மருந்தை இறக்காமல் அல்லாஹ் விடவில்லை, ஆகவே சிகிச்சை செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவியது அபூதாவூது, திர்மிதீ நூல்களில் உள்ளது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் தொடங்கினார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் தொடங்கினார். தலைக்குள்ளே பார்க்கும் சி.டி. ஸ்கேன் 1971 அக்டோபர் 1இல் லண்டனில் முதன்முதலாக எடுக்கப்பட்டது, மூளையில் கட்டி இருக்குமோ என்று ஐயப்பட்ட ஒரு பெண்மணிக்குத்தான். காசநோய் சானடோரியத்துக்குப் பேர்போன நம் பெருந்துறையிலேயே இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இவை யாவும் அல்லாஹ் இறக்கிய மருந்தைத் தேடிச் செல்லும் வழிகளே.

ஓதிப் பார்ப்பது கூடாதா? தாராளமாகப் பாத்திஹா சூராவும் குல் சூராக்களும் ஓதுங்கள். ஓதிவிட்டு மருத்துவரிடமும் போங்கள். தண்ணீர் ஓதிக் கேட்டு வருபவரிடம், ‘டாக்டரைப் பார்த்தீர்களா?’ என்று கேட்பது நம் போன்ற ஆலிம்களின் கடமை. ஷாமில் கொள்ளை நோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் படையுடன் அவ்வூருக்குள் செல்லாமல் திரும்பினார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, அவனுடைய ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ரின் பக்கமே போகிறோம் என்று விளக்கம் தந்தார்கள். மருத்துவமனைக்குப் போவதும் அப்படித்தான்.

கண்ணீருக்குத் தடையில்லை

பொறுமை என்றால் அழாமல் இருப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் மடியில் மூச்சடங்கும்போது அழுதார்கள். கண் நீர் சொரிகிறது, உள்ளம் வேதனைப்படுகிறது, ஆனால் ரப்புக்குப் பொருத்தமானதைத் தவிர வேறெதையும் நாவு சொல்லாது என்ற கருத்தை மொழிந்தார்கள். அழுகைக்கு அனுமதி உண்டு, நாவுக்குத்தான் கடிவாளம். துக்கம் அனுஷ்டிப்பதற்கும் எல்லை உண்டு. கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள். மற்றவர்களுக்கு மூன்று நாள். ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் சகோதரர் இறந்தபோது, தமக்கு அப்போது மணத்தில் நாட்டமில்லை என்று சொல்லியபடியே, நபிமொழியைப் பேணுவதற்காக நறுமணம் பூசிக் கொண்டார்கள். மனம் ஆறிவிட்டது என்பதல்ல. மனம் ஆறும் முன்பே கட்டளைக்குக் கட்டுப்பட்டார்கள்.

நினைவைச் செயலாக்குங்கள்

மறைந்தவரை நினைப்பது என்பது படத்தை மாட்டி வைப்பதோ, புடவையைப் பீரோவில் மடித்து வைப்பதோ அல்ல. முதலில் அவருடைய கடனை அடையுங்கள். முஃமினின் ஆத்மா அவனுடைய கடனில் தொங்கிக் கொண்டிருக்கிறது என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. அக்காவிடம் பலர் தைக்கக் கொடுத்த துணிகள் இருந்தன. குறிப்பேட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் உரியவர் வீட்டில் சேர்த்தோம். வாங்கியிருந்த முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம்.

அடுத்தது விடுபட்ட நோன்பு. நோயிலேயே இருந்து குணமாகாமல் இறந்தவருக்கு அந்த நோன்புகளின் களா கடமை ஆகவில்லை. குணமாகி நோற்கச் சக்தி பெற்றும் நோற்காமல் போன நாட்களுக்கு, ஹனபி மத்ஹபுப்படி வஸிய்யத் செய்திருந்தால் சொத்தில் மூன்றிலொரு பங்குக்குள் பித்யா கொடுக்க வேண்டும். ஒரு நோன்புக்கு ஒரு ஸதக்கத்துல் பித்ரு அளவு. வஸிய்யத் செய்யாவிட்டாலும் வாரிசுகள் தம் கைப்பொருளிலிருந்து கொடுக்கலாம். அல்லாஹ் ஏற்பான் என்று ஆதரவு வைக்கலாம்.

அடுத்தது நகைநட்டு. ‘அவள் ஞாபகமாக இருக்கட்டும்’ என்று தாயார் வளையலை எடுத்துக் கொள்வதும், கணவர் மொத்தத்தையும் பூட்டி வைப்பதும் சரியல்ல. பிள்ளைகள் இருக்கும்போது கணவருக்கு நாலில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, தந்தைக்கு ஆறில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு பங்கு பெண்ணுக்கு ஒரு பங்கு என்று அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ்வே பிரித்து வைத்து விட்டான். பருவமடையாத பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்து நாற்பதாம் நாள் சாப்பாடு போடுவது ஹராம்.

அதன் பிறகு தருமம். ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் தாயார் திடீரென்று இறந்து விட்டதாகவும், பேச வாய்ப்புக் கிடைத்திருந்தால் தருமம் செய்யச் சொல்லியிருப்பார் என்று தாம் எண்ணுவதாகவும் கூறி, அவருக்காகத் தாம் தருமம் செய்தால் நன்மை சேருமா என்று கேட்டார். ஆம் என்று பதில் வந்தது. ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இங்கும் ‘பேச வாய்ப்பிருந்தால்’ என்றொரு ஏக்கம் இருக்கிறது. ஆனால் அது பழியாகத் திரியாமல் தருமமாக ஆகிவிட்டது! திடீர் மரணத்தைக் கண்ட வீட்டாருக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும்?

கடைசியாக உறவு. கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் நபி (ஸல்) அவர்கள் ஆடு அறுத்தால் அவர்களுடைய தோழியருக்குப் பங்கு அனுப்புவார்கள். மறைந்தவரின் அன்புக்கு உரியவர்களைச் சேர்த்துப் பிடிப்பதுதான் அவரை நேசித்ததற்கு அடையாளம். மகளின் நினைவுக்காக மருமகனைப் பகைப்பதும், மருமகளின் நினைவுக்காகச் சம்பந்தியைப் பகைப்பதும் அந்த மய்யித்துக்குச் செய்யும் அநீதி. இதை எங்கள் இரு வீட்டாரிடமும் எடுத்துச் சொன்னபோது முதலில் எழுந்தவர் அத்தாதான். மச்சான் கையைப் பிடித்து, “பேரப்புள்ளைங்களைப் பார்க்க நான் இனி வாராவாரம் வருவேன் மாப்பிள்ளை” என்றார்கள். அம்மாவின் கோபம் ஆற மேலும் பல மாதமாயிற்று. என்றாலும் விசாரணை நின்றது. அஸருக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் வேலையை மூத்த மகள் எடுத்துக் கொண்டாள். பயன் தரும் கல்வியும், ஸாலிஹான பிள்ளையின் துஆவும் கபுருக்குப் போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே!

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் இப்படியொரு மவுத்து நடந்திருக்கலாம். இன்றிரவு அனைவரும் உட்கார்ந்து, ‘யார் காரணம்?’ என்ற கேள்வியை மூடிவிட்டு, ‘அவருக்காக இன்னும் என்ன பாக்கி இருக்கிறது?’ என்ற கேள்வியைத் திறவுங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்கு முன் சென்ற முஃமினான ஆண்கள், பெண்கள் அனைவரின் பிழைகளையும் பொறுத்தருள்வாயாக! அவர்களுடைய கபுருகளை விசாலமாக்கி ஒளி பெறச் செய்வாயாக! நோயுற்றோருக்கு ஷிபாவையும், நோயைக் கண்டறியும் மருத்துவர்களுக்குத் தெளிவையும், பிரிந்தோரை எண்ணி வாடும் உள்ளங்களுக்கு அழகிய பொறுமையையும் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.